முகூர்த்தம் குறிக்கும் முன் விசா வழியைத் தெரிவு செய்யுங்கள்: மலையகத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுச் சம்பந்தம் பேசும்போது ஜாதகம் பார்க்கிறோம், மண்டபம் பார்க்கிறோம், நகைக்கடைக்குப் போகிறோம். விசாவை மட்டும் "அதை அவங்க பார்த்துக்குவாங்க" என்று எதிர்த்தரப்பிடம் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் ரெஜிஸ்டர் முடிந்து, புருஷன் திரும்பிப் போய், தோட்டத்து லயத்தில் அம்மா வீட்டிலேயே வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் ஹட்டன், நோர்வூட், பண்டாரவளை, பதுளை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிரச்சினை விசா அதிகாரியின் மனசு அல்ல, தொடக்கத்திலேயே பொருந்தாத வழியைத் தெரிவு செய்ததுதான்.

எது சீக்கிரம் முடியும் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். போய் இறங்கியதும் வேலை செய்ய முடியுமா? எத்தனை வருடம் என் விசா துணைவரோடு கட்டப்பட்டிருக்கும்? நடுவில் அவர் கைவிட்டாலோ கை நீட்டினாலோ அந்த நாட்டில் எனக்கு என்ன உரிமை மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் தரும் வழி ஆறு மாதம் அதிகமாக எடுத்தாலும் அதைத்தான் நான் சொல்வேன். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே பெரும்பாலும் சொந்தபந்தம் கிடையாது, விமான நிலையத்தில் இறங்கும்போது கையில் இருக்கும் சட்ட நிலைதான் அவர்களுடைய துணை.

படி 1: அங்கே இருப்பவரின் நிலை என்ன?

"லண்டனில் இருக்கிறார்", "கனடாவில் செட்டில்" என்பதெல்லாம் விசா நிலை அல்ல. குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா, வேலை விசாவா, மாணவர் விசாவா, அகதிக் கோரிக்கை இன்னும் நிலுவையிலா என்று ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, சிலவற்றுக்கு வழியே இல்லை. பாஸ்போர்ட் பக்கத்தையும் வதிவிட அட்டையின் இரு பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். சம்பளம் கேட்கிறோம், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில் மட்டும் என்ன மரியாதைக் குறைவு? காட்டத் தயங்குகிற குடும்பத்திடம் நிதானமாகவே இருங்கள்.

பிரித்தானியாவில் மாணவர் விசாவில் இருப்பவர், ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சில படிப்புகள் தவிர, 2024 ஜனவரி முதல் மனைவியையோ கணவனையோ கூட்டிப்போக முடியாது. பராமரிப்பு வேலை விசாவுக்கும் 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போனவர்களுக்கு அதே தடை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த இரண்டு விசாக்களில்தான் போயிருக்கிறார்கள், ஆகவே மாப்பிள்ளை லண்டனில் முதியோர் இல்லத்தில் வேலை என்று தரகர் சொன்னால், எந்த மாதம் போனார், எந்த விசாவில் போனார் என்பதைக் கேட்காமல் தாம்பூலம் மாற்றாதீர்கள்.

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர் யாரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அகதி அந்தஸ்து கிடைத்தவர் கல்யாணத்துக்காக இலங்கைக்கு வந்தால், ஆபத்து என்று சொல்லித் தப்பிப்போன நாட்டுக்கே திரும்பினார் என்று அவருடைய அந்தஸ்தையே கேள்வி கேட்க இடமுண்டு. அதனால்தான் இப்படிப்பட்ட பல கல்யாணங்கள் சென்னை, திருச்சி, சிங்கப்பூர், மலேசியா என்று மூன்றாம் நாட்டில் நடக்கின்றன. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஹட்டனில் மண்டபத்துக்கு முற்பணம் கட்டாமல் இருக்கலாம்.

முந்தைய கல்யாணம் இருந்ததா என்பதையும் இரண்டு பக்கமும் வெளிப்படையாகப் பேசுங்கள். இலங்கையில் விவாகரத்து வழக்கில் முதல் தீர்ப்போடு கதை முடிவதில்லை, மூன்று மாதம் கழித்து அது முற்றான தீர்ப்பாக வேண்டும், அதற்குமுன் செய்யும் மறுமணம் செல்லாது. கனடாவில் இன்னொரு விதி: ஒருவர் தானே துணைவர் ஸ்பொன்சரில் போய் நிரந்தர வதிவிடம் பெற்றவரானால், அந்த நாளிலிருந்து 5 வருடத்துக்கு வேறொரு துணைவரை ஸ்பொன்சர் செய்ய முடியாது.

படி 2: ரெஜிஸ்டர் எப்போது?

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முதலில் ரெஜிஸ்டர், விசா வந்த பிறகு தாலி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் கணக்கில் தாலி ஏறும் வரை கல்யாணம் ஆகவில்லை. சட்டத்தின் கணக்கில் பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே நீங்கள் கணவன் மனைவி. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் "திருமணமாகாதவர்" என்று எழுதக்கூடாது, நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசா வழிகளும் மூடிவிடும்.

இதன் கொடுமையான பக்கம் கனடாவில் தெரியும். ஒருவர் தன்னுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊருக்கு வந்து சத்தமில்லாமல் ரெஜிஸ்டர் செய்துவிட்டு, அதை அங்கே அறிவிக்காமல் போய் இறங்கிவிடுகிறார் என்று வையுங்கள். அறிவிக்காமல் விட்ட அந்த மனைவியைப் பின்னர் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பதுதான் சட்டம். மிகச் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைக்கக்கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள், இருந்தால் ரெஜிஸ்டர் நடந்ததும் அன்றே அறிவிக்க வேண்டும்.

மறுபக்கம், கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவதும் உதவாது. வழக்காற்றுத் திருமணத்தை இலங்கை நீதிமன்றம் ஏற்க இடமிருக்கிறது, ஆனால் விசா அலுவலகம் கேட்பது விவாகச் சான்றிதழ்.

நிச்சயிக்கப்பட்டவர் விசா பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் அது 6 மாதம், அதற்குள் அங்கே கல்யாணம் முடிக்க வேண்டும், அந்த 6 மாதமும் வேலை செய்ய முடியாது, பிறகு துணைவர் விசாவுக்கு இன்னொரு முறை விண்ணப்பமும் கட்டணமும். இரண்டு தடவை காசு கட்டி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வழி அது, கட்டாயம் இல்லாவிட்டால் வேண்டாம். அமெரிக்காவின் கே-1 விசா குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் எடுக்கக்கூடியது, கடந்த 2 வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், போய் 90 நாளுக்குள் கல்யாணம், வேலைக்குத் தனி அனுமதி. அங்கேயும் கல்யாணம் முடித்து குடிவரவு விசாவில் போனால் நிரந்தர வதிவிடத்தோடு இறங்கலாம். கல்யாணமாகி 2 வருடம் ஆகாதிருந்தால் அந்த அட்டை முதல் 2 வருடத்துக்கு நிபந்தனையோடு வரும். அவுஸ்திரேலியாவின் 300ஆம் வகை மட்டும் கொஞ்சம் வித்தியாசம்: 9 முதல் 15 மாதம் வரை கால அவகாசம், வேலை செய்யலாம், படிக்கலாம். அங்கேதான் கல்யாணம் என்று இரு குடும்பமும் உறுதியாக இருந்தால் அது நியாயமான தெரிவு. கனடாவில் இப்படி ஒரு வகையே கிடையாது, யாராவது "கனடா பியான்சே விசா" என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்யாணமாகாமல் போய், அங்கே கல்யாணம் நடக்காமல் திரும்பி வரும் பெண்ணை நம் ஊர் எப்படிப் பேசும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பேச்சு தப்பு, ஆனாலும் அது இருக்கிறது. இரண்டு வழியும் திறந்திருந்தால் ரெஜிஸ்டர் முடித்துத் துணைவராகப் போவதே நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 3: நாட்டைப் பார்த்து வழியைப் பாருங்கள்

பிரித்தானியாவில் எல்லாம் சம்பளக் கணக்கில் நிற்கும். 2024 ஏப்ரல் 11 முதல் வருடத்துக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும், அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது அங்கே இருப்பவரின் சம்பளம்தான் கணக்கு, நீங்கள் இங்கே ஆசிரியராகவோ வங்கியிலோ வாங்கும் சம்பளம் சேராது. சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட், அதுவும் 6 மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். இங்கே இருப்பவர் ஏ1 மட்டத்தில் ஆங்கிலம் பேசவும் கேட்கவும் பரீட்சை எழுத வேண்டும், அது அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். ஏ1 என்பது மிக ஆரம்ப மட்டம், பயப்படத் தேவையில்லை, ஆனால் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். விசா 33 மாதம், பிறகு 30 மாத நீடிப்பு, மொத்தம் 5 வருடம் கழித்தே நிரந்தரம். வேலை முதல் நாளிலிருந்தே செய்யலாம். விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 1,035 பவுண்ட் என்ற கணக்கில் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும், பல குடும்பங்கள் இதைத் தெரியாமல் கல்யாணத்தில் எல்லாக் காசையும் செலவழித்துவிட்டு நிற்கின்றன. 5 வருடம் துணைவரோடு கட்டுண்ட வழி இது. வீட்டில் வன்முறை நடந்து உறவு முறிந்தால் தனியாக நிரந்தர வதிவிடம் கேட்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது, போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கனடாதான், என் மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், முதலிடம். துணைவர் ஸ்பொன்சரில் போகிறவர் இறங்கும்போதே நிரந்தர வதிவாளர். முன்பிருந்த 2 வருட நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டார்கள், ஆகவே கல்யாணம் உண்மையாக இருந்து பிறகு முறிந்தாலும் வதிவிடம் போகாது. மொழிப் பரீட்சை இல்லை, துணைவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பும் இல்லை. ஆனால் ஸ்பொன்சர் செய்பவர் உடல் இயலாமை தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப்பணம் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது, 3 வருடத்துக்கு உங்களைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும், நிரந்தர வதிவாளராக மட்டும் இருந்தால் விண்ணப்பக் காலத்தில் கனடாவிலேயே வசிக்க வேண்டும். வெளியிலிருந்து போடுவது, உள்ளே இருந்து போடுவது என்று இரண்டு வகை உண்டு. இங்கே இருப்பவருக்கு வெளியிலிருந்து போடுவதே சரி, அதில் மறுத்தால் ஸ்பொன்சருக்கு மேன்முறையீட்டு உரிமை இருக்கிறது, உள்ளே போடும் வகையில் அது கிடையாது. தொலைபேசியிலோ இணையத்திலோ, ஒருவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தியோ நடத்திய கல்யாணத்தை 2015க்குப் பிறகு கனடா ஏற்பதில்லை, இருவரும் நேரில் இருக்க வேண்டும். கியூபெக் மாகாணத்துக்குத் தனி நடைமுறை.

அவுஸ்திரேலியாவில் கட்டணம்தான் மலைக்க வைக்கும், 9,000 டொலரைத் தாண்டும். இங்கிருந்து போடுவது 309 என்ற தற்காலிக வகை, அதோடு சேர்த்தே 100 என்ற நிரந்தர வகைக்கும் விண்ணப்பித்தாகிவிடும். விண்ணப்பித்த நாளிலிருந்து 2 வருடம் ஆகும்போது நிரந்தரத்துக்குப் பார்ப்பார்கள். 309இல் போனதும் வேலை செய்யலாம். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தாலும் நிரந்தரம் பெற வழி உண்டு. ஒருவர் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் ஸ்பொன்சர் செய்யலாம், இரண்டுக்கும் நடுவில் 5 வருட இடைவெளியும் வேண்டும் என்பது பொது விதி. ஆகவே மறுமணக்காரராக இருந்தால் முதல் ஸ்பொன்சர் எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

ஜேர்மனிக்கு பெரும்பாலும் ஏ1 மட்டத்தில் ஜேர்மன் மொழி படித்த பிறகே விசா. கொழும்பு கோதே நிலையத்தில் அதற்கு வகுப்பும் பரீட்சையும் உண்டு. ஹட்டனிலிருந்து வாராவாரம் போய்வர முடியாதவர்கள் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே உறவு 3 வருடம் நீடித்த பிறகு தனி வதிவிட உரிமை கிடைக்கும். பிரான்சில் குடியுரிமை உள்ளவரை இங்கே கட்டினால், கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று எடுக்க வேண்டும், பிறகு அந்தக் கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இதை மறந்தால் மாதங்கள் போய்விடும். குடியுரிமை இல்லாமல் வதிவிட அட்டை மட்டும் உள்ளவர் என்றால் அங்கே 18 மாதம் இருந்திருக்க வேண்டும், வருமானமும் வீட்டின் அளவும் பார்ப்பார்கள்.

இந்தியா தனிக் கதை, நமக்கு நெருக்கமான கதை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் சொந்தங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இருக்கிறார்கள், இன்றும் அக்காள் மகள், மாமன் மகன் என்று உறவு விடாமல் பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவரின் துணைவருக்கு எக்ஸ் வகை நுழைவு விசா இருக்கிறது, 180 நாளுக்கு மேல் தங்குவதானால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவான கல்யாணம் தொடர்ந்து 2 வருடம் நீடித்த பிறகு ஓ.சி.ஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அது கிடைத்தால் விசா கவலை தீரும். குடியுரிமைக்கு 7 வருட வதிவு வேண்டும். அங்கேயே பதிவு செய்வதானால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவித்தல் ஒட்டி இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இதைப் பார்க்கும்போது இங்கே பதிவு செய்துவிட்டுப் போவது லேசு. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருப்பது நமக்கு வசதி. ஒன்றை மட்டும் கட்டாயம் உறுதி செய்யுங்கள்: மாப்பிள்ளை உண்மையில் இந்தியக் குடிமகனா, அல்லது இலங்கையிலிருந்து அகதியாகப் போனவர்களுக்கான மறுவாழ்வு முகாமில் பதிவானவரா? முகாமில் இருப்பவர்கள் பலருக்கு, மலையக வம்சாவளியினர் உட்பட, இந்தியக் குடியுரிமை இல்லை, அப்படியானால் இந்தத் துணைவர் விசா கிடைக்காது.

வெளிநாட்டுத் துணைவர் இங்கே வந்து வாழ விரும்பினால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் துணைவர் வதிவிட விசா இருக்கிறது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளை பிறந்தால், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் இலங்கைக் குடியுரிமை உண்டு, வெளிநாட்டில் பிறந்தால் பதிவு செய்ய மறக்க வேண்டாம்.

படி 4: நம் கடதாசிகளை இப்போதே திருத்துங்கள்

வழியைத் தெரிவு செய்த பிறகு மலையகத்தவரை இழுத்தடிப்பது இதுதான். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் லெச்சிமி. சிங்களத்தில் எழுதி அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயரில் 'வ' எழுத்துக்கு ஒரு இடத்தில் வி, இன்னொரு இடத்தில் டபிள்யூ. அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். நமக்கு இது சாதாரணம், ஆனால் கொழும்பிலோ லண்டனிலோ உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிறவருக்கு இவை மூன்று வேறு ஆட்கள்.

திருத்தும் ஒழுங்கு இதுதான்: முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை, கடைசியாக பாஸ்போர்ட். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை காசு கட்டுவீர்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். அடையாள அட்டை விண்ணப்பத்தை கிராம உத்தியோகத்தரோ, தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்டத் துரையோ உறுதிப்படுத்தலாம். ஓரிரு எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள், பெரும்பாலும் அது போதும். விசாப் படிவத்தில் எப்போதும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள், வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் மற்றவற்றை எல்லாம் எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் "இல்லை" என்று இருப்பதைப் பார்த்துப் பலர் கூனிக்குறுகிப் போகிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? துணைவர் விசாவுக்கு அது தடையே இல்லை, உங்கள் அடையாளம் ஒத்துப்போனால் சரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் மண்சரிவிலும் கடதாசிகளை இழந்தவர்கள் விசா வேலைக்கு முன்பே பிரதேச செயலகத்தில் பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி அடுத்த தலைவலி. லயத்தில் வீட்டுக்கு வீடு இலக்கம் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடக்கும். எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்: தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, தபாலகம். பாஸ்போர்ட் திரும்பி வரும் கூரியருக்கு டவுனில் நம்பிக்கையான கடையோ சொந்தக்காரர் வீடோ கொடுப்பது நல்லது. மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும், தரகரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு முடிவு என்ன ஆனது என்றே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், உங்கள் பகுதிப் பொலிஸிலிருந்து விசாரிப்பார்கள், அங்கேயும் முகவரி பொருந்த வேண்டும். சவூதி, குவைத், லெபனான் என்று வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் தேவைப்படும். கனடா கடந்த 10 வருடத்தில் 6 மாதம் இருந்த நாடுகளுக்கும், அவுஸ்திரேலியா 12 மாதம் இருந்த நாடுகளுக்கும் கேட்கும். அங்கிருந்து எடுப்பது மெதுவான வேலை, இதை முதல் நாளே ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட்டுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் உண்டு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் கண்டியில் கிளை உண்டு, அத்தாட்சிப்படுத்த பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை.

மருத்துவம்: பிரித்தானியாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம், கனடாவும் அவுஸ்திரேலியாவும் தங்கள் பட்டியலிலுள்ள மருத்துவரிடம் மட்டும் போகச் சொல்லும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தாலும் சளிப் பரிசோதனை கேட்பார்கள், அதன் முடிவுக்கு இரண்டு மாதம் ஆகலாம். இதனால் யாரும் பெண்ணையோ பையனையோ குறை சொல்லக்கூடாது, காசநோய் மருந்தால் குணமாகும், விசா கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

படி 5: பதிவு நாள்

சாதாரணமாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழித்தே பதிவு. வெளிநாட்டிலிருந்து குறுகிய விடுமுறையில் வருகிறவருக்கு மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஒருவர் வெளிநாட்டுப் பிரஜை என்றால் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற சான்று எல்லாம் மொழிபெயர்த்து அத்தாட்சியோடு வேண்டும். வெளிநாட்டவர் திருமணத்துக்கு 2022 ஜனவரி முதல் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்டுச் சுற்றறிக்கையே வந்தது, இந்த விதிகள் அடிக்கடி மாறும், ஆகவே டிக்கட் போடுவதற்கு முன் நுவரெலியாவிலோ பதுளையிலோ உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, என்னென்ன கடதாசி என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் சான்றிதழில் பெயர், பிறந்த திகதி, சிவில் நிலை மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் படியுங்கள். சுற்றி எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், படித்து முடித்த பிறகே போடுங்கள்.

இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முஸ்லிம் விவாகம் வேறு சட்டத்தில் நடந்தாலும் விசா கொடுக்கும் நாடுகள் பெரும்பாலும் பார்ப்பது 18 வயதைத்தான்.

படி 6: உறவு உண்மை என்று காட்டுவது

பேசிச் செய்த கல்யாணம் என்பது குறை அல்ல, அதை மறைத்துக் காதல் கதை கட்டினால்தான் சிக்கல். யார் பேசினார்கள், எந்த மாதம் முதலில் போனில் பேசினீர்கள், எப்போது நேரில் பார்த்தீர்கள், ஏன் சம்மதித்தீர்கள் என்று இருவரும் தனித்தனியாக, தங்கள் சொந்த நடையில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஏஜென்சி எழுதிக் கொடுத்த ஒரே மாதிரிக் கடிதத்தை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். போட்டோ என்றால் ஸ்டூடியோ போட்டோ மட்டும் வேண்டாம், இரு பக்கப் பெரியவர்களும் நிற்கிற, வீட்டு வாசலில் எடுத்தவை வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, வந்துபோன டிக்கட், பாஸ்போர்ட் முத்திரை எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்குங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் திரும்ப ஒரு தடவை வந்து தங்கிப் போனால் அது எந்தக் கடிதத்தையும்விடக் கனமானது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அவருடைய வேலை, சம்பளம், யாரோடு வசிக்கிறார், முந்தைய கல்யாணம், கூடப்பிறந்தவர்கள் பெயர், இவை உங்களுக்குத் தெரியவேண்டும். நேர்முகத்துக்காகப் பாடமாக்கச் சொல்லவில்லை, வாழப்போகிற ஒருவரைப் பற்றி இதெல்லாம் தெரியாமல் போகவே கூடாது.

படி 7: காசு யாரிடம் போகிறது?

விசா நிச்சயம் என்று சொல்லும் எந்த ஏஜென்சிக்கும் காசு கொடுக்காதீர்கள், அந்த நிச்சயத்தைக் கொடுக்க அவர்களால் முடியாது. வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் ஆள் அனுப்பும் வேலைக்கானது, துணைவர் விசா ஆலோசனைக்கு அது தகுதி அல்ல. அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவர்கள், கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகர்கள், பிரித்தானியாவில் முன்பு ஓ.ஐ.எஸ்.சி என்று இருந்து 2025 ஜனவரியில் ஐ.ஏ.ஏ (Immigration Advice Authority) என்று பெயர் மாறிய அதிகாரசபையில் பதிவானவர்கள் என்று பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கல்யாணத் திகதி எதிலும் பொய் வைக்க விடாதீர்கள். கனடாவில் அதற்கு 5 வருடத் தடை, பிரித்தானியாவில் 10 வருடம் வரை போகும். தரகர் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து உங்களுடையது.

விசாச் செலவை யார் ஏற்பது என்பதையும் பேச்சுவார்த்தையிலேயே முடிவு பண்ணுங்கள். அதைச் சீதனத்தோடு சேர்த்துப் பெண் வீட்டார் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். தோட்டத்து நாட்சம்பளத்தில் சேர்த்த காசும், அப்பாவின் சேமலாப நிதியும் அப்படிப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தை முழுவதும் மொழிபெயர்த்துப் படியுங்கள், காரணம் அதில்தான் இருக்கும். காரணத்தைத் தீர்க்காமல் அதே கோப்பைத் திரும்பப் போட்டால் அதே பதில்தான் வரும். சம்பளச் சீட்டு குறைந்தது, அங்கீகாரம் இல்லாத நிலையத்தில் எழுதிய பரீட்சை என்பது போன்ற கடதாசிக் குறை என்றால் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம். உறவையே நம்பவில்லை என்றால் மேன்முறையீடு செய்யுங்கள், ஏனென்றால் அந்த முடிவு கோப்பில் இருந்துகொண்டு அடுத்த விண்ணப்பத்தையும் துரத்தும். கனடாவில் ஸ்பொன்சர் 30 நாளுக்குள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவேண்டும், பிரித்தானியாவில் வெளிநாட்டில் இருந்து செய்பவருக்கு 28 நாள். கடிதம் தோட்ட ஆபீஸ் மேசையில் இரண்டு வாரம் கிடந்தாலும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மின்னஞ்சலைத் தினமும் நீங்களே திறந்து பாருங்கள்.